சாகும் உறுப்பும் சாகாத கருவியும்

ஒரு பொருளின் ஆயுளை எதனைக் கொண்டு அளப்பது? அதன் உறுப்புக்களுள் மிக உறுதியானது எவ்வளவு காலம் நிலைக்குமோ அவ்வளவு என்பதா, மிக மெலிந்தது எப்போது விழுகின்றதோ அப்போதே அதன் கதை முடிந்தது என்பதா? வெறுந் தருக்கத்துக்கு உரிய வினாப் போல இது தோன்றலாம். ஆயினும் இதற்கு நாம் அளிக்கும் விடையிலேதான் உழைப்பைப் பற்றியும் உடைமையைப் பற்றியும் அயலாருடைய உடம்பைப் பற்றியும் நாம் மெய்யாகவே கொண்டுள்ள எண்ணம் வெளிப்படுகிறது. மிகச் சிறிய பொருளொன்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய விரும்புகிறோம். 1960களில் வெளிவந்த கைக்கடக்கமான சிறு வானொலியும், அதன் வயிற்றிலே கிடக்கும் மின்னேற்றிப் பாவிக்கும் பற்றறியுமே நமது பொருள்.

கொள்ளுப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதை யாவரும் அறிவர். வீடு இடிபடுமுன் மேசை லாச்சிகள் கவிழ்க்கப்படுகின்றன. நின்றுபோன கைக்கடிகாரங்கள், காலாவதியான கடவுச்சீட்டுக்கள், சோடி இழந்த காதணிகள் ஆகியவற்றோடு தீப்பெட்டியிலும் சற்றே பெரிதான ஒரு வானொலியும் சில வேளைகளில் வெளிவருகிறது. கப்பலிலே வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது என்றோ, ஐயா ஓய்வு பெற்றபோது கந்தோரில் கொடுத்தது என்றோ வீட்டாரில் ஒருவருக்காவது நினைவிருக்கும். பாட்டு வருமா என்று திருகிப் பார்ப்பர். வராது. பழைய பேப்பரும் போத்தலும் வாங்க வருபவரின் சாக்குக்குள்ளே அது போய்விடும்.

அந்த வானொலி பழுதாகிவிட்டதா? பெரும்பாலும் இல்லை. அதன் திரான்சிஸ்டர்கள் ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிந்தும் கெடாமல் இருப்பதே வழமை. கம்பிச் சுருள்களுக்கும் எதுவும் நேர்வதில்லை. கொள்ளளவிகள் ஒன்றிரண்டு வற்றியிருக்கலாம். அவை மலிவானவை, எளிதிற் கிடைப்பவை. செத்திருப்பது மின்கலம். ஓர் உறுப்புச் செத்ததனால் முழுக் கருவியும் பிணமாகக் கருதப்பட்டுச் சாக்கிலே போகிறது.

உலர்கலம் தீர்ந்தால் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறோம். சேமிப்புக்கலம் அப்படியன்று. சுவீடன் நாட்டவரான வால்டெமார் யுங்னர் 1899இல் ஆக்கிய நிக்கல்-கட்மியக் கலம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முற்றாக மூடிய சிறு பொத்தான் வடிவிலும் செய்யக்கூடியதாயிற்று. ஒரு கலத்துக்கு 1.2 வோல்ற். தீர்ந்தபின் இரவிலே மின்னேற்றிக் காலையில் மீண்டும் பாவிக்கலாம். நூற்றுக்கணக்கான தடவைகள் இவ்வாறு செய்யலாம். கடைக்குப் போகவேண்டியதில்லை, காசு செலவழிக்கவேண்டியதில்லை என்று அதனை விற்றோர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் எத்தனை தடவையானாலும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளே குறுஞ்சுற்று உண்டாகிறது. மூடியின் விளிம்பு தளர்கிறது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் காரம் மெல்லக் கசிந்து, செம்புக் கம்பிகளின் வழியே ஊர்ந்து, போகுமிடமெல்லாம் பச்சையாகப் பூத்து அரிக்கிறது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும் கொள்ளுப்பிட்டி போன்ற இடத்தில் இவ்வரிப்புக்குக் கேட்கவேண்டியதில்லை. கருவிக்கு உயிர் கொடுக்க வைத்த உறுப்பு, தான் செத்தபின் கருவியையும் தின்னத் தொடங்குகிறது.

இது இயற்கையின் நியதி, இதற்கு யார் என்ன செய்யலாம் என்று கேட்பாரும் உளர். கலம் சாவது இயற்கைதான். ஆனால் அதன் இடத்தில் வேறொன்றை வைக்க இயலாதபடி கருவியைச் செய்வது இயற்கையன்று. அது மனிதர் எடுத்த முடிவு. வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

யப்பானின் சோனி நிறுவனம் 1957இல் டிஆர்-63 என்னும் சட்டைப்பை வானொலியை வெளியிட்டது. (சாதாரணச் சட்டைப்பையிலும் அது சற்றே பெரிதாக இருந்தமையால், விற்பனையாளருக்குப் பெரிய பை வைத்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்தோம் என்று நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான அக்கியோ மொறித்தா பின்னாளில் எழுதினார். வியாபாரத்தின் சாமர்த்தியத்தை அவர் மறைக்கவில்லை.) அவ்வானொலி ஒன்பது வோல்ற் உலர்கலத்தால் இயங்கிற்று. தலையிலே இரண்டு பொத்தான் முனைகள் கொண்ட அந்த நீள்சதுர வடிவம் பல தொழிற்சாலைகளுக்கும் பொதுவான அளவாகிவிட்டது. இன்றும் எந்தச் சில்லறைக் கடையிலும் அதனை வாங்கலாம். ஆகவே 1957இல் செய்த வானொலிக்கு இன்று வாங்கிய பற்றறி பொருந்துகிறது. பொது அளவு என்பது எத்துணை பெரிய சமுதாய உடைமை என்பதை இதனினும் எளிதாக விளக்க முடியாது.

அதே நிறுவனம் பத்தாண்டு கழித்து, 1967இல், ஐசிஆர்-100 என்னும் வானொலியை விற்பனைக்கு விட்டது. ஒருங்கிணைந்த மின்சுற்றைக் கொண்டு செய்யப்பட்ட முதல் வானொலி என்ற புகழ் அதற்குண்டு. சாவிக்கொத்தோடு மாட்டிக்கொண்டு திரியலாம் என்னுமளவு சிறியது. அதற்குள்ளே இருந்தவை பொத்தான் வடிவ நிக்கல்-கட்மியக் கலங்கள். அவற்றுக்கென்றே ஒரு மின்னேற்றியும் கூட வந்தது. சிறுமையே பெருமையான அந்தக் கருவியில் பொது அளவுக்கு இடமில்லாமற் போயிற்று. அதனை ஆக்கிய பொறியியலாளரின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பத்தாண்டுக்குள் ஒரு படி ஏறியபோது மற்றொரு படி இறங்கியதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையிலே சோவியத் நாட்டு வானொலி ஒன்று நிற்கிறது. றீகா நகரின் பொப்பொவ் தொழிற்சாலை 1963 முதல் செய்த ‘செல்கா’ என்னும் வானொலி ‘குரோனா’ என்ற ஒன்பது வோல்ற் உலர்கலத்தாலும் இயங்கும். ஏழு கட்மியப் பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சேமிப்புக்கலத்தாலும் இயங்கும். இரண்டுக்கும் ஒரே அறை. மின்னேற்ற வசதியுள்ளவர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர் மற்றதை வாங்கலாம். சோவியத் வானொலியிலே இருந்த கட்மியம் யப்பானிய வானொலியின் கட்மியத்தைவிடப் புனிதமானது என்று நாம் வாதாட வரவில்லை. பாவிப்பவர் கையில் தெரிவை விட்டுவைத்த அந்தச் சிறு அறையையே குறிப்பிடுகிறோம்.

சரி, கலத்தை மாற்றிவிட்டால் அது பழைய வானொலிதானா என்று பழம்பொருள் சேகரிப்போர் ஒரு கேள்வி எழுப்புகின்றனர். அவர்களிற் சிலர் செத்த கலத்தை உள்ளேயே வைத்திருக்க விரும்புகின்றனர். மூல உறுப்பு மாறாதிருந்தால் விலை மதிப்பு அதிகமாம். கிரேக்கரின் தீசியசு கப்பலைப் பற்றிய பழைய புதிரை எடுத்துக்காட்டாகச் சொல்வர். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பலா என்பது அப்புதிர்.

இதற்காக நாம் ஏதென்சு வரை போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியைப் பார்த்தாற் போதும். கிடுகு மழையிலும் வெயிலிலும் உக்கும். உக்கியதைக் கழற்றிப் புதியதை வைத்துக் கட்டுவர். வேலியடைப்பு ஆண்டுதோறும் வரும் வேலை. கதியால் துளிர்த்து நிற்கும், கிடுகு மாறும். எங்கள் பாட்டன் காலத்து வேலி என்று எல்லைச் சண்டையில் வாதாடுபவரிடம், ஐயா, கிடுகு புதிது, ஆகவே வேலியும் புதிது என்று எவரும் சொன்னதில்லை. மிருதங்கத்தின் தோலை மாற்றுகிறோம். வாசிப்பவர் அதனைத் தம் குருநாதர் தந்த மிருதங்கம் என்றே தொட்டுக் கும்பிடுகிறார். பொருள் என்பது அதன் தொழிலாலும் அதனோடு மனிதர் கொண்ட உறவாலும் தொடர்வது என்பதை நம் மக்கள் தத்துவ நூல் படியாமலே அறிந்திருந்தனர். மிருதங்கத்துக்குத் தோலிட்டுக் கொடுத்தவரின் பெயர் கச்சேரி அழைப்பிதழில் இடம்பெறுவதில்லை என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அதைப் பற்றி மட்டும் பேசாதிருந்தனர்.

ஆகவே ‘அதே வானொலிதானா’ என்ற கேள்வியை நாம் முதன்மையானதாகக் கொள்ளவில்லை. நம் முன்னுள்ள கேள்வி கடனைப் பற்றியது. இந்தச் சிறு பெட்டியை வைத்திருப்பவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்?

முதலில், அதனைச் செய்தவர்களுக்கு. 1950களில் யப்பானின் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த கையோடு தொழிற்சாலைகளுக்கு வந்த இளம்பெண்களே நுண்ணிய கம்பிகளைப் பொருத்தித் திரான்சிஸ்டர்களை ஆக்கினர். ‘திரான்சிஸ்டர் பெண்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். மயிரிழை போன்ற கம்பியைச் சரியான புள்ளியில் வைக்கக் கண்ணும் விரலும் எவ்வளவு நேரம் அசையாதிருக்கவேண்டும்! பொருள்களிலே உறைந்து கிடக்கும் கடந்தகால உழைப்பைச் செத்த உழைப்பு என்றார் கார்ல் மார்க்ஸ். உயிருள்ள உழைப்பு வந்து தொடும்போதுதான் அது மறுபடி பயன்தரும் என்பது அவர் கருத்து. லாச்சியிலே கிடந்த வானொலியைப் பொறுத்தவரை அந்த உயிருள்ள உழைப்பு பழுது பார்ப்பவருடையது. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவின் சிறு கடைகளிலே கைத்தொலைபேசிகளைத் திறந்து பற்றறி மாற்றும் இளைஞரின் விரல்களும், அந்தக் காலத்து யப்பானியப் பெண்ணின் விரல்களும் ஒரே வேலையின் இரு முனைகள். அவள் செய்ததை இவர் தொடர்கிறார்.

இவ்வேலை எளிதென்று எண்ணுவோர் பொருட்டுச் சற்று விரிவாகச் சொல்வது தகும். முதலில் உள்ளே படிந்திருக்கும் காரத்தை அகற்றவேண்டும். அது காரமாகையால் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ பஞ்சிலே தொட்டுத் துடைத்து, பின் சிறிது நீராலும் மதுசாரத்தாலும் கழுவி உலரவிடவேண்டும். கண்ணிலே பட்டால் ஆபத்து. அரிக்கப்பட்ட கம்பியைத் துண்டித்துப் புதியது இடவேண்டும். புதிய கலமாக இன்று கிடைப்பது நிக்கல்-உலோக ஐதரைட்டுக் கலம், கட்மியம் இல்லாதது, அதே 1.2 வோல்ற். பொத்தான் வடிவில் பல விட்டங்களில் வருகிறது. உயரம் அரை மில்லிமீற்றர் கூடினாலும் மூடி பூட்டாது என்பதால் அளந்தே வாங்கவேண்டும். கலத்தின் மீது நேரே ஈயம் பற்றவைத்தால் சூட்டில் அதன் அடைப்புக் கெட்டுவிடும். தொழிற்சாலையிலேயே தகட்டு நாக்கு ஒட்டிய கலத்தை வாங்கி அந்நாக்கிலேதான் பற்றவைக்கவேண்டும். நேர்முனை எது, எதிர்முனை எது என்பதில் மிகுந்த கவனம் தேவை. அக்காலத்துச் செர்மேனியத் திரான்சிஸ்டர் வானொலிகள் பலவற்றிலே நேர்முனையே பொது இணைப்பாக இருக்கும். இன்றைய வழக்கப்படி எதிர்முனையைப் பொதுவென்று எண்ணி இணைப்பவர் ஒரு கணத்தில் கருவியைக் கொன்றுவிடுவார்.

மின்னேற்றுவதிலும் நிதானம் வேண்டும். பழைய மின்னேற்றி அறிவுள்ள கருவியன்று. கலம் நிறைந்ததா என்று அது பார்ப்பதில்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டேயிருக்கும். கலத்தின் கொள்ளளவில் பத்திலொரு பங்கு ஓட்டத்தை 14 முதல் 16 மணி நேரம் வரை கொடுப்பதே இத்தகைய கலங்களுக்கு ஏற்ற பழைய முறை. புதிய கலத்தின் கொள்ளளவு பழையதிலும் கூடுதலாக இருந்தால் நேரத்தைக் கூட்டவேண்டும். இன்று எங்கும் மலிந்துள்ள இலித்தியக் கலத்தை இவ்விடத்தில் வைப்பது பெரும் பிழை. அதன் அழுத்தம் வேறு, மின்னேற்றும் ஒழுங்கு வேறு. காவற்சுற்று இல்லாமல் பழைய மின்னேற்றியில் மாட்டினால் தீப்பற்றக்கூடும். இவ்வளவையும் அறிந்து, பொறுமையோடு ஒரு மணி நேரம் செலவழித்து வேலை செய்பவருக்கு நாம் கொடுக்கும் கூலி என்ன? கலத்தின் விலையைக் கேட்டு, அதற்குமேல் கேட்டால் ‘ஒரு பற்றறி மாற்றத்தானே’ என்கிறோம். கைவேலைக்குள்ளே அறிவு இருப்பதை ஒப்புக்கொள்ள நம் சமுதாயம் நெடுங்காலமாகவே மறுத்து வந்திருக்கிறது. அம்மறுப்பின் வேர் எந்தச் சாதியமைப்பில் ஊன்றியுள்ளது என்பதை இவ்விதழின் வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இதெல்லாம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, மக்கள் வாழ்வோடு இதற்கு என்ன தொடர்பு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பற்றறி இல்லாத வானொலியின் பொருள் என்ன என்பதைத் தமிழ் மக்களில் ஒரு பகுதியினர் உடம்பாலேயே அறிந்தவர்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கிற்று. அப்போது மக்கள் என்ன செய்தனர்? துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, முன்விளக்குக்காகப் பூட்டிய டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையிலே இருவாயிகளைப் பொருத்தவேண்டும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிந்திருந்தனர். ஒருவர் சுற்ற, மற்றவர் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையின் செய்தியைக் கேட்டனர். சுற்றுபவர் களைத்தால் செய்தி தேயும்; கை மாறினால் மீண்டும் எழும். செத்துப்போன உலர்கலங்களை வெயிலிலே காயவைத்து இன்னும் சில நிமிட உயிரைப் பிழிந்தெடுத்தோரும் உண்டு. எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது என்பதை அறிவதற்கு அவர்களுக்கு வேறு வழியில்லை. வானொலிக்கு எங்கிருந்தாவது மின்சாரம் கொடுக்கலாம் என்ற நிலை இருந்தபடியாலேதான் அவர்கள் அவ்வாறு செய்ய முடிந்தது. கம்பி இரண்டை எங்கே தொடுப்பது என்று கண்டுபிடிக்கக்கூடிய கருவி அது. திறக்கவே இயலாத பெட்டியாக இருந்திருந்தால் டைனமோவினால் என்ன பயன்?

கொழும்புக்கும் இதன் நிழல் விழாமலில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிகள் முடங்கியபோது, கொள்ளுப்பிட்டியின் மாடிவீட்டாரும் பழைய டோர்ச் லைட்டையும் பழைய றேடியோவையும் தேடினர். பழுது பார்க்கும் கடைகளிலே கூட்டம் நின்றது. புதியது வாங்க இயலாதபோதுதான் பழையதைத் திறந்து பார்க்கும் எண்ணம் பலருக்கு வருகிறது.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். 1960களின் மிகச்சிறு வானொலிகள் பெரும்பாலும் மத்திய அலையை மட்டுமே பிடிப்பவை. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவையைத் தொடங்கிய இலங்கை வானொலி, கடல் கடந்து தமிழ்நாட்டு வீதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்த காலத்திலே அவற்றுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. இன்று கொழும்பு வானொலிகளைப் பெரும்பாலோர் கேட்பது பண்பலையிலே. அரிதிற் கலம் மாற்றி உயிர்ப்பித்த வானொலியில் பகல் முழுவதும் இரைச்சலே கேட்கவும் கூடும். ஆகவே எல்லாச் சிறு வானொலிகளையும் பேச வைத்தே ஆகவேண்டும் என்று நாம் கட்டளையிடவில்லை. நினைவுக்காக வைத்திருப்போர் மௌனமாகவே வைத்திருக்கட்டும். கலத்தை மாற்றுவது விருப்பம். ஆனால் செத்த கலத்தை வெளியே எடுப்பது விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. இங்கேதான் இரண்டாவது கடன் வருகிறது.

யப்பானின் தொயாமா மாகாணத்தில் யின்சு என்றோர் ஆறு. அதன் மேற்பகுதியிலே மிற்சுயி நிறுவனத்தின் கமியோக்கா சுரங்கம். நாகம் எடுப்பது அதன் தொழில். நாகத்தோடு கூடவே வருவது கட்மியம். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்றுநீர் வயலுக்குப் பாய்ந்தது. வயலின் அரிசி வீட்டுக்கு வந்தது. ஆற்றோரக் கிராமங்களிலே பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுப் பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டு, எலும்புகள் மெலிந்து, இருமினாலும் முறிந்தன. ‘இத்தாய் இத்தாய்’ நோய் என்று அதற்குப் பெயர். ‘நோகுது, நோகுது’ என்பதே அச்சொற்களின் பொருள். உள்ளூர் வைத்தியரான நொபொரு ஹகினோ சுரங்கத்தைக் குற்றஞ்சாட்டியபோது பலர் அவரை நம்பவில்லை. யப்பானிய அரசாங்கம் கட்மியமே காரணமென 1968இல் ஏற்றுக்கொண்டது. 1971இல் நீதிமன்றம் நோயுற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மேன்முறையீடும் அடுத்த ஆண்டு தோற்றது.

ஐசிஆர்-100 கடைக்கு வந்த ஆண்டு 1967. அந்த வானொலிகளிலிருந்த கட்மியம் அந்தச் சுரங்கத்திலிருந்துதான் வந்தது என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை, சொல்லவும் இல்லை. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே உலோகம் ஓரிடத்தில் சட்டைப்பையின் இசையாகவும் வேறோரிடத்தில் முறியும் எலும்பாகவும் இருந்தது என்பதையே சொல்கிறோம். இசையைக் கேட்டவருக்கு மற்ற ஒலி கேட்கவில்லை. இடையிலே ஓர் ஆறும் பல கடைகளும் இருந்தன.

ஒரு பொத்தான் கலத்திலுள்ள கட்மியம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். மிகச் சிறிதுதான். ஆனால் அது மக்கி மண்ணாகும் பொருளன்று. உடம்பிற் புகுந்தால் சிறுநீரகத்திலே பல பத்தாண்டுகள் தங்குவது. கொழும்பின் குப்பை எங்கே போகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் ‘எம்மாத்திரம்’ என்ற சொல் நாவில் எழாது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டன்று, மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மலையைக் கட்டியோர் அதன் அடியில் வாழவில்லை. வாழ்ந்தோர் அதனைக் கட்டவில்லை. பின்னர் கொழும்பின் குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றிப் புத்தளத்தின் அறுவாக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது, புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தனர். 2019இல் குப்பை போய்ச் சேர்ந்தது. கொள்ளுப்பிட்டி லாச்சியிலிருந்து சாக்குக்குப் போன வானொலியின் வழியும் ஏறத்தாழ இதுவே.

பழைய தோற்றத்தை மாற்றாமல் வைத்திருக்க விரும்பும் சேகரிப்போரில் சிலர், செத்த பொத்தான் கலத்தின் உலோகக் கூட்டை அறுத்து உள்ளீட்டைச் சுரண்டியெடுத்து, வெறுங்கூட்டுக்குள் புதிய கலத்தை மறைத்து வைக்கச் சொல்கின்றனர். அழகு கெடாதாம். அந்தக் கூட்டை அறுக்கும்போது எழும் கட்மியத் தூசியை மூச்சோடு உள்ளிழுப்பவர் யார்? சேகரிப்பவரா? மின்விசிறி ஒன்றையன்றி வேறு காவல் இல்லாத ஆறடிக் கடைக்குள் இருப்பவர் அல்லவா? கட்மியத் தூசி நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சு. செல்காவினது போன்ற அடுக்குக் கலத்திலே வெளிப்பெட்டியைத் திறந்து ஏழு பொத்தான்களையும் முழுதாக எடுத்துவிட்டுப் புதியவற்றை அடுக்கலாம், அதிலே குற்றமில்லை. பொத்தானையே அறுக்கச் சொல்வது வேறு. ஒரு பொருளின் மூல முகத்தைக் காக்க ஒருவருடைய நெஞ்சைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. அப்படிக் கேட்பவரிடம் வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அவருக்கு அன்றைய கூலியும் வேண்டியிருக்கிறது என்பதே துயரம்.

எடுத்த கலத்தை என்ன செய்வது? மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம். அத்தகையோர் கொழும்பிலே உளர். அவர்களிடமிருந்து அது கப்பலேறி வேறொரு நாட்டுக்குப் போகும். அபாயக் கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையில் இலங்கை 1992இல் இணைந்தது. ஆகவே அது ஒழுங்காகப் போகவேண்டும் என்பது சட்டம். அங்கே அதனை உருக்குபவரின் கதை நமக்குத் தெரிய வராது. இதுவும் குறையுள்ள தீர்வுதான். சாக்குக்குள் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே ஒருவராவது அதற்குப் பெயர் எழுதிப் பொறுப்பேற்கிறார் என்பது.

பொறுப்பை மேலே தள்ளும் முயற்சிகளும் நடைபெறாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கையடக்க மின்கலங்களில் கட்மியத்தைச் சில விலக்குகளோடு தடைசெய்தது. 2023இல் நிறைவேற்றிய புதிய ஒழுங்குவிதியில், கருவியினுள்ளே இருக்கும் கையடக்க மின்கலத்தைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாகக் கருவி இருக்கவேண்டும் என்று விதித்து, அதற்கு 2027 பெப்ரவரி 18 என நாளும் குறித்தது. 1957இல் ஒரு சட்டைப்பை வானொலிக்குத் தானாகவே வாய்த்திருந்த பண்பை எழுபது ஆண்டு கழித்துச் சட்டம் போட்டுத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. அதுவும் அந்தச் சந்தையில் வாங்குவோருக்கு மட்டும். நம் நாட்டில் அத்தகைய சட்டத்தைக் கேட்கும் குரல் இன்னும் வலுப்பெறவில்லை; கேட்கவேண்டியோர் மின்கலம் மாற்றுவோரும் அதனை வாங்குவோரும் ஒருங்கே.

லிபர்ட்டி பிளாசாவின் கண்ணாடிப் பெட்டிகளில் இன்று வரிசையாக இருப்பவை ‘இயர்பட்ஸ்’ என்னும் கம்பியில்லாக் காதொலிப்பான்கள். ஒவ்வொரு காதுக்குரியதிலும் பொத்தானளவு இலித்தியக் கலம் ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது சோர்ந்துவிடுகிறது. ஓட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். திறப்பதற்குத் திருகாணி இல்லை. பழுது பார்க்கும் இளைஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, புதியது வாங்குங்கள் என்று சொல்லித் திருப்பித் தருகிறார்.